வலை உலரும் மணலுக்கும் சர்வே எண் எழுதுங்கள்

ஆகஸ்ட் 2023

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே இருக்கும் மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைத் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் கடற்கரை மணலை அரசு வரைபடத்தில் குறிக்கக் கேட்டு நாங்கள் கொடுத்த மனு இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயர் அச்சில் வர வேண்டாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டுக்கொண்டார்கள். இதே ஊரில் 31 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு இன்றும் பால்வாடி டீச்சர்தான். மாமியார் காலத்திலிருந்து வீட்டில் கருவாட்டுத் தொழில் உண்டு. ஓய்வுக்குப் பிறகு என் காலை நேரம் முழுவதும் அதில்தான் போகிறது.

கரையில் எங்கே கட்டடம் கட்டலாம், எங்கே கூடாது என்று பிரித்துக் காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்கள் மீது கடலோர மாவட்டங்களில் இந்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று சொன்னார்கள். வரைபடம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் தம்பி மகன் எங்கள் பகுதி வரும் தாளைத் தேடி எடுத்து, கேளம்பாக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய அளவில் கலரில் அச்சடித்து வந்தான். வீட்டுக் கூடத்தில் விரித்து, நான்கு மூலையிலும் படிக்கற்களை வைத்து, பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து பார்த்தோம். எழுத்தெல்லாம் ஆங்கிலம். பையன் படித்துச் சொன்னான். சாலை இருக்கிறது. தெருக்கள் ஓரளவு தெரிகின்றன. கடலும் கரையும் பிரியும் இடத்தில் கோடு, அதற்கு மேற்கே இன்னும் சில கோடுகள். கோயிலுக்குத் தெற்கே விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்த என் நாத்தனார் நிமிர்ந்து, "இன்னா டீச்சர், நம்ம களத்தையே காணோமே?" என்றார்.

களம் என்று நாங்கள் சொல்வது மீன் காயப்போடும் மணல். படகு ஏற்றி வைப்பதும், வலை உலர்த்துவதும், கிழிந்த கண்ணிகளைக் கோர்ப்பதும், கரைவலை இழுத்தால் கயிறோடு பின்வாங்கி வருவதும் அந்த மணலில்தான். கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதும் அங்கே. அந்தத் தாளில் அந்த இடத்தில் வெறும் நிறம் மட்டும் பூசியிருந்தது. ஒரு சொல் இல்லை, ஒரு குறி இல்லை.

அங்கன்வாடி வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மையத்திலும் ஊர் வரைபடம் ஒன்று கையால் வரைந்து மாட்டியிருக்க வேண்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை, கைப்பம்பு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று அதில் இருக்கும். என் மையத்துச் சுவரில் இருந்ததை மூன்று முறை திருத்தி வரைந்திருக்கிறேன். மூன்றிலும் களம் உண்டு. காலை ஒன்பது மணிக்குக் குழந்தையைக் கொண்டு வராத தாயைத் தேட வேண்டுமென்றால் நான் வீட்டுக்குப் போக மாட்டேன், களத்துக்குத்தான் போவேன். ஒரு பால்வாடி வரைபடத்துக்குத் தேவைப்பட்ட இடம் அரசாங்க வரைபடத்துக்குத் தேவைப்படாமல் போனது எப்படி?

நாங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம். 1986ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் முதல் சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கை வந்தது. 2011இல் அதை மாற்றினார்கள், 2019 ஜனவரியில் மறுபடி மாற்றினார்கள். மீனவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள், படகுத்துறை, பள்ளி, மருந்தகம், பாதை எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் அளவிலான கிராம வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011லேயே எழுதியாகிவிட்டது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் போட வேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. நாங்கள் விரித்துப் பார்த்த தாளில் களமும் இல்லை, வீட்டுத் திட்டமும் இல்லை.

வேலை நடக்கும் இடம்தான் நடக்கிறதே, தாளில் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று எங்கள் ஊரிலேயே சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

கிராமப்புறக் கடற்கரையில், உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பொங்கும்போது தண்ணீர் ஏறிவரும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்பது 1991 முதல் இருந்த விதி. 2019 அறிவிக்கை கிராமங்களை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடமாக இருந்தால் தடை 50 மீட்டர் வரைதான். அதற்குக் குறைவாக இருந்தால் பழையபடி 200 மீட்டர். இந்த 50 மீட்டர் தளர்வு எப்போது நடைமுறைக்கு வரும் என்றால், புதிய வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு. அதுவரை 200 மீட்டர்தான். ஆகவே இந்த வரைபடம் கையெழுத்தாகும் நாளில் எங்கள் ஊராட்சி முதல் பிரிவில் இருந்தால், 150 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கட்டடத்துக்குத் திறந்துவிடப்படும். அந்தப் பட்டையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அதே தாளில் எழுதாவிட்டால், பிறகு எந்த அலுவலகத்தில் போய் எதைக் காட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பையன்கள் நான்கு பேரும் களத்தை அளந்தோம். நைலான் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சில் சிவப்புத் துணி கட்டி, காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தோம். வடக்கே எல்லையம்மன் கோயில் திட்டிலிருந்து தெற்கே பழைய ஐஸ் கொட்டாய் வரை நீளம் 140 மீட்டர். அகலம் வடக்கில் 60, தெற்கில் 45. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1 ஏக்கர் 80 சென்ட். தாளில் இருக்கும் ஓதக் கோட்டைத் தரையில் வைத்துப் பார்த்தால், களத்தின் கிழக்கு ஓரம் அதிலிருந்து சுமார் 30 மீட்டரில் ஆரம்பிக்கிறது. அப்படியானால் 50 மீட்டருக்குள் நிற்பது 20 மீட்டர்தான். பாதிக்கு மேல் வெளியே போகிறது. அந்த வெளிப் பாதியில்தான் 46 பெண்கள் மீன் காயப்போடுகிறார்கள். கிழக்குப் பக்கம் படகுகளுக்கு வேண்டும், அங்கே காயப்போட்டால் கடல் ஈரம் பட்டு மீன் நசநசத்துப் போகும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மணல்; எங்களுக்கு ஒவ்வொரு பத்தடிக்கும் வேறு வேலை.

நெத்திலி காய்வது எப்படி என்று சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். முன்பு வெறும் மணலில் போடுவோம். வாங்குபவர்கள் பல்லில் மணல் கடிபடுகிறது என்றதால், இப்போது பழைய வலையை விரித்து அதன் மேல் போடுகிறோம். ஏழு மணிக்குப் பரப்பினால் பதினொன்றுக்கு ஒருமுறை கையால் கிளறிவிட வேண்டும். நல்ல வெயிலும் கூடவே காற்றும் இருந்தால் மாலைக்குள் சருகாகிவிடும், கையில் அள்ளினால் சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் மூட்டை கட்டலாம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இதற்கு உதவி. வெயில் மேலே காய்ச்சும், கச்சான் அடியில் புகுந்து உலர்த்தும்.

களத்துக்கு மேற்கே சவுக்குத் தோப்பு இருந்தது. பட்டா நிலம், எங்களுடையதல்ல. அது கைமாறிக் கைமாறி, இரண்டு வருடத்துக்கு முன் அங்கே தங்கும் விடுதிக்காக மதில் எழும்பியது. யார் என்று நான் இங்கே எழுதவில்லை, மனுவில் இருக்கிறது. தோப்பாக இருந்தவரை காற்று மரத்துக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. பத்தடி மதில் வந்ததும் கச்சான் நின்றுபோனது. மாலை மூன்று மணிக்கு மேல் மதில் நிழல் களத்தில் விழுகிறது. மேற்கு வரிசையில் இருக்கும் எட்டுப் பெண்கள் மூன்றரை மணிக்கு மீனை வாரிக்கொண்டு கிழக்கே ஓடுகிறார்கள், அங்கே இடம் இருந்தால். இல்லாவிட்டால் அது நிழலிலேயே கிடந்து, மறுநாள் பிசுபிசுத்து, கோழித் தீவனக்காரருக்குப் போகிறது. மனிதர் சாப்பிடும் கருவாட்டு விலைக்கும் அந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

மதிலும் கோயில் சுவரும் சந்திக்கும் இடத்தில் கடலுக்குப் போகும் சந்து ஒன்று இருக்கிறது. மாட்டுவண்டி போன வழி. இப்போது இரண்டு பெண்கள் கூடையோடு எதிரெதிரே வந்தால் ஒருத்தி திரும்பிப் போய் நின்று வழிவிட வேண்டும். இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் இடைவெளியாவது விட வேண்டும் என்று அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. இன்னொரு விடுதி எங்களுக்கு வடக்கே வரப்போவதாகப் பேச்சு. அப்போதாவது இந்த 20 மீட்டரை யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது என்பதும் அதே பின்னிணைப்பில் இருக்கிறது. எங்கள் தெற்கு மேட்டில் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும். பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் கரையும் அதுதான். மேடு இப்போதைக்கு இருக்கிறது.

50 மீட்டர் விஷயத்தில் ஒரு நியாயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு இந்தத் தளர்வு வேண்டும். என் பதிவேட்டுக் கணக்கில், நான் ஓய்வு பெற்ற வருடம் ஊரில் 214 வீடு, 268 குடும்பம். ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. கல்யாணம் ஆன மகன் மச்சில் தகரம் போட்டுக் குடியிருக்கிறான். 200 மீட்டருக்குள் வீடு கட்ட அனுமதி கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள், "டீச்சர், கோடு குறைஞ்சா நமக்கும்தானே நல்லது?" என்று கேட்டார்கள். நல்லதுதான், நிலம் நம் கையில் இருந்தால். சாலைக்குக் கிழக்கே ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்பதை அவர்களும் அறிவார்கள். கோடு விலகினால் முதலில் வந்து நிற்பவர் ஃபைபர் படகுக்குத் தவணை கட்டுகிற பையனாக இருக்க மாட்டார். நாங்கள் நெருக்கியடித்துக் குடியிருப்பதால்தான் எங்கள் ஊர் 2,161 என்ற எண்ணிக்கையைத் தாண்டும் நிலை வருகிறது. அந்த நெருக்கடியைத் தீர்க்க வீட்டுத் திட்டம் போடு என்று சட்டம் சொல்கிறது. வீட்டுத் திட்டம் வரவில்லை. நெருக்கடியைக் காரணம் காட்டும் தளர்வு மட்டும் முதலில் வருகிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் வீடு இலவசம். இருந்த இடத்திலேயே இருந்தால் பழுதுபார்ப்பது அவரவர் பொறுப்பு. பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் 22 குடும்பம் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு என் மையத்தில்தான் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்கள். எழுதத் தெரியாதவர்களின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் வைத்தவள் நான். "இந்த எடம் யாருக்கும் போவாதுல்ல டீச்சர்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். பொது உபயோகத்துக்குத்தான் இருக்கும் என்று சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. அந்த 22 மனையும் இன்று களத்தின் வடமேற்கு மூலை. பெரியம்மா இப்போது இல்லை. நான் அவரிடம் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது. கடலுக்குப் பயந்து, உயிர் பாதுகாப்புக்காக மீனவர் விலகிக் கொடுத்த மண்ணை, புது வரைபடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத வெற்றுமணலாக விட்டுவைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கூட்டத்தில் பதில் வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்திருந்தால் ஒன்றும் தெரியாதுதான். வாடைக்காற்றும் மழையும் இருக்கும்போது யாரும் மீன் காயப்போடுவதில்லை. கடல் ஏறி மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும், படகுகள் தெரு வரை வந்திருக்கும். தை, மாசியில் மணல் திரும்ப வந்து சேரும், நாங்களும் திரும்பக் களத்துக்குப் போவோம். மாமல்லபுரம் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து அங்கே கூடுகிறார்கள். மணலில் புடவையால் கூடாரம் கட்டி இரவு தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைக்கிறார்கள். வருடத்தில் ஓரிரு நாள்தான். மீதி நாளில் எடுத்த படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்காக அந்தக் கரையில் அவர்களுக்குப் பாத்தியதை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோமே.

கருத்துக்கேட்புக் கூட்டம் மாவட்ட அளவில் ஓரிடத்தில் வைத்தால் போதும் என்பது விதி. விதிப்படி நடக்கட்டும், அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்பதுதான் எங்கள் கோரிக்கை. செங்கல்பட்டு போய் வர எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு நாள் மீன் போய்விடும். மூன்று நிமிடம் பேசக் கிடைத்தால் பெரிது. அந்தந்த ஊர்த் தாளைத் தமிழில், சர்வே எண் தெரிகிற அளவில் அச்சடித்து, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டட்டும். கிராம சபையில் வைத்து ஊராரிடம் கேட்டு, விட்டுப்போனதை எழுதிச் சேர்க்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த நிலம் யாருடையது என்று எழுதிய 'அ' பதிவேடும், நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும் இருக்கின்றன. எங்களிடம் பயன்பாடு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து உட்கார்ந்தால் ஒரு ஊருக்கு இரண்டு நாள் வேலை. அது முடிந்து, வீட்டுத் திட்டமும் சேர்ந்த பிறகு ஒப்புதலுக்கு அனுப்பட்டும். அதற்கு முன் வேண்டாம்.

எங்கள் களத்துக்கு நாங்கள் அளந்த கணக்கையும், கையால் வரைந்த படத்தையும், 46 பெண்களின் கையெழுத்தையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். அதன் நகல் ஒன்று இந்தக் கடிதத்தோடு உங்கள் பார்வைக்கு வருகிறது. வரைபடம் தயாரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மழை இல்லாத நாளாகப் பார்த்துக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். மீன் பரப்பியிருக்கும், வலை விரிந்திருக்கும். மாலை நான்கு மணி வரை இருந்தால் மதில் நிழல் எங்கே விழுகிறது என்பதையும் காட்டுகிறேன். முடிச்சுப் போட்ட கயிறு என் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்